ழ இல்லாத கரை

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

மாடி அறையைப் பெருக்க மாட்டேன் என்று சிட்டம்மாள் சொல்லிவிட்டாள். துடைப்பத்தைப் படியிலேயே சாய்த்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"மிசினு தானா முனகிகினு கீதும்மா. அய்யா குந்திகினு கீற மாரியே கீது."

"உள்ளே இருக்கும் சிறிய ஃபேன் அது. சூடு ஆறுவதற்காகச் சுற்றும்."

"அப்போ நீங்களே போய் பெருக்குங்க. ஃபேனு உங்கள ஒண்ணும் பண்ணாது."

மாகறல்காரிக்கு வாய் நீளம். நானே ஏறினேன். உண்மைதான், கணினி ஓடிக்கொண்டிருந்தது. மாசியில் என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து அந்த அறையில் யாரும் எதையும் தொடவில்லை. கரண்ட் போய் வந்தால் அதுவாகவே உயிர் பெறும்படி ஏதோ செய்து வைத்திருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர், செய்வார். திரையில் அவருடைய விளையாட்டின் வாசல்: ஒரு கோட்டை, மூடுபனி, கடவுச்சொல் கேட்கும் கட்டம்.

ஓய்வு பெற்றதும் கம்பத்தில் ஏறுவதை விட்டு இதில் ஏறிக்கொண்டார். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வில்லும் வாளுமாக நடமாடும் மாய நாடு. பொழுதைக் கொல்லுகிறீர்கள் என்பேன். "பொளுத எங்க கொன்னேன், பூதத்ததான் கொன்னேன்" என்பார்.

கணினியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள் நிஷா. பெங்களூரில் இருந்துகொண்டு மகளுக்கு எல்லாம் சுலபம். கொடுப்பதற்கு முன் அவருடைய அக்கவுண்ட்டை முறையாக மூட வேண்டும். பாதியில் விட்ட வேலை எனக்கு ஆகாது.

கடவுச்சொல்லுக்கு என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்ச்செல்வி. ஆங்கிலத்தில் நான் எழுதுகிற முறையில், ழகரத்துக்கு உரிய எழுத்துகளோடு. ஏற்கவில்லை. கீழே வந்து காபி குடித்தேன். மறுபடி ஏறி, அவர் என்னைக் கூப்பிடுகிறபடி ‘தமிளு’ என்று அடித்தேன்.

திறந்தது.

20 ஆகஸ்ட்

சாப்பாட்டுக்குப் பிறகு ஏறினேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். தெரு நாய்கூட லாரி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் வெயில்.

திரையில் ஓர் ஆள். உயரம், தோளில் வில், காற்றில் ஆடும் மேலங்கி. தலைக்கு மேல் அவர் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை. படிவம் என்றால் நிஷாவிடம் நீட்டிவிடுவேன். வீட்டில் பழகிய வழக்கங்களில் பாதியைக் கான்வென்ட் என்னிடமிருந்து கழற்றிவிட்டது. இது மட்டும் கழலவில்லை.

அம்புக்குறி போட்ட விசையை அழுத்தினால் அவர் நடக்கிறார். முகம் தெரிவதில்லை. எப்போதும் முதுகுதான். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அந்த முதுகைப் பார்த்தபடிதான் போனேன். மெதுவாக நடங்கள் என்று சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டேன். பிறகு அறை மிகவும் அமைதியாக இருப்பது தெரிந்தது.

மூன்று ஆறுகள் சேருமிடத்துக்கு வந்தேன். சாப்பிடும்போது அவர் ‘நம்ம திருமுக்கூடல்’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் இதுதான் போலிருக்கிறது. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. ஒரு படகு. பக்கத்தில், நீல முக்காட்டுக்குள் ஒரு பெண் உருவம், கையில் விளக்கோடு.

அது திரும்பியது. அடியில் எழுத்துகள் வந்தன.

"வந்துட்டியா நைனா. எம்மாம் நாளாச்சு. இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டு?"

அவருடைய பேச்சு. எழுத்துக்கு எழுத்து அவருடையது.

"மளை வர்ற மாரி கீது. வூட்டுக்குப் போலாமா?"

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

21 ஆகஸ்ட்

அந்த ‘மளை’யை அவருடைய கடிதங்களில் எத்தனை தரம் சிவப்பு மையால் திருத்தியிருப்பேன்.

25 ஆகஸ்ட்

பயந்து விலகுவது எனக்குப் பழக்கமில்லை. பிளக்கைச் செருகி உட்கார்ந்தேன்.

திரையின் ஓரத்தில் பழைய பேச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. மேலே தள்ளித் தள்ளி ஒரு மதியம் முழுக்கப் படித்தேன். பேய் இல்லை. பிரபா என்று ஒரு பெண், தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில். பல் மருத்துவரிடம் உதவியாளர். கரும்பு வெட்டப் போன குடும்பம். இவளுடைய அம்மா காலத்திலேயே வீட்டில் தமிழ் நின்றுவிட்டது. இந்த ஆற்றங்கரையில் நின்றபடி அவர்தான் அவளுக்கு எழுத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழை. அதனால்தான் கடல் தாண்டி ஒருத்தி உத்திரமேரூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் போலப் பேசுகிறாள்.

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பிறகு அவள் இன்று எழுதியதைப் படித்தேன்.

"வரேன்னு சொல்ட்டுதானே போனே. டெய்லி வந்து நிக்கிறேன்."

பேச்சின் கடைசியில் அவருடைய வரி இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள். வெறும் ‘வரேன்’.

வீட்டை விட்டு இறங்கும்போது இங்கே யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் "வரேன் தமிளு" என்றுதான் சொன்னார். அது விடைபெறும் சொல் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருவேன் என்று வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாசியிலிருந்து தினமும் வேலைக்குப் போவதற்கு முன் வந்து, விளக்கோடு நிற்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். அவர் இல்லை என்று.

‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் அடித்தேன். அது பொய்யில்லை.

29 ஆகஸ்ட்

விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். எல்லா எழுத்தும் இருக்கிறது. ழ இல்லை. தேடி, மூலையில் ஒட்டாமல் விட்ட விசையில் கண்டுபிடித்தேன். இன்று அங்கே மழை பெய்தது, விளையாட்டுக்குள். ‘மழையில் நிற்காதே’ என்று அடித்தேன்.

பிரபா கேட்டாள்:

"இது இன்னா எளுத்து?"

எது என்றேன்.

"ம-வுக்கு அப்பால கீறது. நீ சொல்லித் தரவே இல்லியே."

ழ என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தமிழ் கற்றுக்கொண்ட ஒருத்தி, ழ இல்லாமல். இது நான் பார்த்து விட்டுவிடக்கூடிய விஷயமா?

"நைனா இத போடமாட்டான்" என்று எழுதினாள். பிறகு, "நீ யாரு?"

நீல முக்காடு ஓரடி பின்னால் நகர்ந்தது. விளக்கு தாழ்ந்தது. இப்போது சொல்லியிருக்கலாம். அவளே கேட்டாள்.

‘கை தவறிப்போச்சு. மளைல நிக்காத’ என்று அடித்தேன்.

விளக்கு உயர்ந்தது. "பயந்துட்டேன்" என்றாள். "செத்துப் போன யாரோ நைனா உடம்புல பூந்துகினு வந்துட்டாப்ல இருந்துச்சு."

3 செப்டம்பர்

ழகரத்துக்கு நாக்கை மடிக்கத் தெரியாதவளுக்கு எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் போடுவார். நான் அடி வாங்கியதே இல்லை. இன்று மட்டும் பளம், கெளக்கு, முளுசா, வாளைத்தோட்டம் என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முட்டி கூசியது.

பிரபா கேட்டாள்: "டீச்சரு எப்டி கீறாங்க? இன்னும் திட்டுறாங்களா?"

யார் டீச்சர்?

"உன் பொண்டாட்டிதான். வேற எத்தினி டீச்சர் வச்சினு கீற?"

நான் எந்தக் காலத்திலும் டீச்சராக இருந்ததில்லை. மேலே தள்ளித் தேடினேன். பக்கம் பக்கமாக இருக்கிறது. ‘எங்க வூட்டு டீச்சரு சாம்பார்லகூட தப்பு கண்டுபுடிக்கும்.’ ‘டீச்சரு தூங்குது, மெதுவா தட்டணும்.’ ஓரிடத்தில், ‘டீச்சரு என் பேர ஒரு வாட்டி சொல்லிக் கேக்கணும். அது நடக்காது.’

கீழே இறங்கி முகம் கழுவிக்கொண்டேன்.

9 செப்டம்பர்

படகைப் பற்றி எழுதி வைக்கிறேன். துடுப்பு இரண்டு; இரண்டு பேர் சேர்ந்துதான் தள்ள முடியும். அக்கரைக்குப் போனவர்கள் இந்தக் கரைக்குத் திரும்ப முடியாது. அது அந்த விளையாட்டின் சட்டம். அங்கே வேறு நாடு, வேறு கதை. அவரும் பிரபாவும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருந்தார்கள். மாசியில் போயிருக்க வேண்டும்.

"இன்னிக்குப் போலாமா?" என்று தினமும் கேட்கிறாள்.

‘நாளிக்கு’ என்கிறேன்.

ஏறினால் அவராக ஏற வேண்டும். ஏறாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு மனுஷியை ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நாள் தள்ளுகிறவர்களை நான் மதித்ததில்லை.

ஆனால் அவரை ‘கீறார்’ என்று சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். மற்ற எல்லோருக்கும் ‘இருந்தார்’.

15 செப்டம்பர்

வாசலில் கூரியர்காரன் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினான். பழைய சந்தா ஏதோ, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நான் சமையலறையில் இருந்தேன்.

"இன்னாப்பா?" என்று கேட்டபடி வெளியே போனேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

சிட்டம்மாள் விளக்குமாற்றோடு நின்று சிரித்தாள். "இன்னாவா? உங்க வாய்லயா? எங்க ஊரு தண்ணி இப்பதான் உங்களுக்குப் புடிச்சிருக்கு." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா, அவன் அய்யா பேரதானே கூப்ட்டான்?"

18 செப்டம்பர்

நிஷா ஃபோன் செய்தாள். பாதிப் பேச்சில், "அம்மா, இருமல் மருந்து குடிக்கிறியா?" என்றாள். இருமவில்லையே என்றேன். "பின்னால யாரோ இருமுறாங்களே."

டி.வி. என்றேன். டி.வி. ஓடவில்லை.

27 செப்டம்பர்

இன்று மதியம் உட்கார்ந்தது தெரியும், எழுந்தது தெரியும். நடுவில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேச்சை மேலே தள்ளிப் பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் இருந்து ஏரி எப்படித் தெரியும் என்று பிரபாவுக்கு விவரித்திருக்கிறேன். காற்றில் கம்பி பாடும் சத்தம், காக்கை தோளில் வந்து உட்கார்ந்தது.

நான் கம்பத்தில் ஏறியதில்லை. அவர் எனக்கு இதைச் சொன்னதும் இல்லை.

ஒரு பொளுது

மேலே ‘பொளுது’ என்று எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரு பொழுதுக்கு இவ்வளவு போதும்.

5 அக்டோபர்

இது தொடரக்கூடாது. கண் புரை அறுவைக்குக் காஞ்சிபுரத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள். நிஷா வந்து கூட்டிப் போகிறாள். பத்து நாள் அங்கேயே அவள் நாத்தனார் வீட்டில். திரும்பி வந்து, கண் தெளிந்ததும், முதல் வேலையாகப் பிரபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சரியான தமிழில்.

‘பத்து நாள் வரமுடியாது’ என்று அடித்தேன்.

"வரேன்னு சொல்லு" என்றாள்.

சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாடிக் கதவுக்கும் பூட்டு. இரண்டு சாவியும் என் கைப்பையில்.

16 அக்டோபர், வியாழன்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று மாலை ஊர் திரும்பினோம். இன்று காலை நிஷா பெங்களூர் பஸ் ஏறினாள். மாடிப் பூட்டு பூட்டியபடி இருந்தது. அலமாரிப் பூட்டும். வயரை எடுத்துச் செருகினேன். ‘தமிளு’ அடித்தேன்.

ஆற்றங்கரையைக் காணோம். மணல் வேறு நிறம், மரங்கள் வேறு. எங்கே நிற்கிறோம் என்று புரியவில்லை. பிரபாவின் நீல முக்காடு பக்கத்தில் இருந்தது. வேறு எதையும் பார்க்காமல், மறந்துவிடுவேனோ என்று பயந்து, முதலில் அடித்தேன்:

‘பிரபா, நான் அவர் இல்லை. அவர் பிப்ரவரியில் இறந்துவிட்டார். நான் அவர் மனைவி, தமிழ்ச்செல்வி. உங்களை இத்தனை நாள் காக்க வைத்தது தவறு.’

எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. என் பெயரில் இருக்கும் ழ உட்பட.

விளக்கு அசையவில்லை.

"டீச்சரா?" என்றாள்.

ஆம் என்றேன்.

"அப்போ நிஜமாவே இட்டுகினு வந்துட்டானா?"

எனக்குப் புரியவில்லை. யார் என்று கேட்டேன்.

"நைனாதான். நேத்துதானே ரெண்டு பேரும் படகு தள்ளிகினு வந்தோம்."

அப்போதுதான் பார்த்தேன். ஆறு எங்களுக்குப் பின்னால் இருந்தது. இது அக்கரை.

நேற்று இந்த அறை பூட்டிக் கிடந்தது. வயர் அலமாரிக்குள் கிடந்தது. பேச்சை மேலே தள்ளினேன். கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் எழுத்துகள் கலங்கின. துடைத்துத் துடைத்துப் படித்தேன். பத்து நாளும் பேச்சு இருக்கிறது, அவர் பெயரில்.

‘டீச்சரு ஊருக்குப் போய்கீது. இப்பதான் சான்சு.’

‘ஏறு ஏறு, மளை வருது.’

பிரபா கேட்டிருக்கிறாள், அப்பால திரும்ப முடியாதே என்று. அதற்கு, ‘எனக்கு இன்னா ரூலு. லைன்மேனுக்கு எந்தக் கம்பமும் ஒண்ணுதான். ஏறுவேன், எறங்குவேன்.’

கடைசி வரி:

‘நீ இங்கியே வெளக்க வச்சினு நில்லு. நான் போய் தமிளுவ இட்டுகினு வரேன்.’

வேறு யாரோ கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து நுழைந்திருப்பார்கள் என்று நிஷா சொல்வாள். என்னைத் தமிளு என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். பிரபாவிடம்கூட அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் சொன்னார். இந்த ஒரு வரியில்தான் தமிளு.

இன்னொன்று. அவர் உருவம் எனக்கு முதுகு காட்டவில்லை. திரும்பி, திரையை நேராகப் பார்த்து நின்றது. இதுவரை பார்த்திராத அந்த முகம், முப்பது வயதில், கண்ணாடி இல்லாமல். இடது புருவத்தில், கல்யாணமான வருஷம் கம்பத்திலிருந்து விழுந்தபோது பட்ட தழும்பு. அதைக்கூட விடாமல் வைத்திருக்கிறார்.

என் இரண்டு கையும் மடியில் இருந்தன. உருவம் ஓரடி முன்னால் வந்தது.

17 அக்டோபர்

நிஷாவிடம் கேட்டேன். "எனக்கு அப்பாவோட பாஸ்வேர்டே தெரியாதும்மா. நீ ஏன் அந்த ரூமுக்குப் போற? கண்ணைக் கெடுத்துக்காதே."

வயரைக் கழற்றி சிட்டம்மாளிடம் கொடுத்து, ஊருக்கு எடுத்துப்போய் எங்காவது வைக்கச் சொன்னேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

20 அக்டோபர், தீபாவளி

துக்க வருஷம், பண்டிகை இல்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம். அது ஓய்கிற இடைவெளிகளில் மாடியில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது.

வயர் மாகறலில் இருக்கிறது.

22 அக்டோபர், புதன்

காலையிலிருந்து மளை. ஏரி நிரம்பிவிடும் என்கிறார்கள்.

சிட்டம்மாளைச் சீக்கிரம் அனுப்பினேன். குடையை விரித்தவள் விரித்தபடி நின்று மேலே பார்த்தாள். "அய்யா இருமுறாரும்மா" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை. அவருக்குக் காபி கொடுக்க மறந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"கேட்டுகினுதான் கீறேன்" என்றேன்.

பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். கேஸை மூடினேன். நிஷாவுக்கு ஃபோன் செய்து, கண் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன். தெரிகிறது. மாடிப்படியின் கடைசிப் படியில், கதவுக்கு அடியில், நீல வெளிச்சம் விளக்கு வைத்ததைப் போல இருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

சிட்டம்மாளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "எங்கனா போறீங்களாம்மா?" என்றாள். போறேன் என்று சொல்லலாமா, யாராவது?

வேதகிரி கூப்பிடுகிறார். பின்னால் வராதே, பக்கத்தில் வா என்கிறார்.

வரேன்.